ஒரகடமும் வான்னாக்ரையும்: தொழிற்சாலைக் கணினிகளில் புதுப்பிப்பின் வரலாறு

வான்னாக்ரை என்பது 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய பணயத் தீநிரல். ‘ரான்சம்வேர்’ என்று பரவலாக அழைக்கப்படும் இவ்வகைத் தீநிரல், கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையும் இதனால் பாதிக்கப்பட்டது. தமிழகத்தில் இத்தாக்குதலால் பாதிப்புக்குள்ளானதாகப் பரவலாக அறியப்பட்ட பெரிய ஆலை இதுவே. தாக்குதலுக்கு வழிவிட்ட ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு, அதாவது அப்டேட், அதற்கு 59 நாட்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை ஏன் எல்லோரும் உடனே நிறுவவில்லை என்ற கேள்வி எளிதாகத் தோன்றினாலும், ஒரு தொழிற்சாலையைப் பொறுத்தவரை அதற்கான விடை எளிதானதல்ல.

பின்னணி

சென்னைக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் அமைந்த திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம், 1971ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை 2006ல் வந்து 2014ல் மூடப்பட்டது. ஒரகடத்தில் அப்பல்லோ டயர்ஸ், டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகியவை அடுத்தடுத்து இடம்பிடித்தன. ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010 மார்ச் 17 அன்று திறக்கப்பட்டது. அங்கு முதலில் உற்பத்தியான கார் நிசான் மைக்ரா. பின்னர் ரெனோ டஸ்டர், க்விட், டாட்சன் வகைக் கார்கள் எல்லாம் அதே ஆலையிலிருந்து வெளிவந்தன.

இந்த ஆலைகளில் கணினி என்பது அலுவலக மேசையில் இருப்பது மட்டுமன்று. பற்றவைப்பு ரோபோக்களையும் கன்வேயர்களையும் நேரடியாக இயக்குவது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிதான். ஆனால் அந்தக் கருவியின் நிலையைத் திரையில் காட்டுவது பெரும்பாலும் ஒரு விண்டோஸ் கணினி. எந்தக் காருக்கு எந்த நிறம், எந்த இருக்கை, எந்த எஞ்சின் என்று வரிசைப்படுத்துவதும், உதிரிப்பாகப் பெட்டிக்கு பார்கோடு ஒட்டுச்சீட்டு அச்சிடுவதும், போல்ட் எவ்வளவு இறுக்கப்பட்டது என்று பதிவுசெய்வதும் விண்டோஸ் கணினிகளே. இயந்திரத்துடன் சேர்ந்து பெட்டியில் வந்திறங்கும் இக்கணினியை ஆலையில் பலரும் கணினியாகவே நினைப்பதில்லை, இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே நினைக்கிறார்கள். இயந்திரத்தின் ஆயுள் பதினைந்து, இருபது ஆண்டுகள். விண்டோஸ் வரலாற்றிலேயே நீண்ட காலம் ஆதரவு பெற்றவற்றில் ஒன்றான எக்ஸ்பியின் ஆயுளோ பன்னிரண்டரை ஆண்டுகள்தான் (2001–2014). நோக்கியா ஆலையின் ஆயுளைவிட அது நீண்டது என்பது வேறு செய்தி.

‘பேட்ச் செவ்வாய்’

மைக்ரோசாஃப்ட் இணையம் வழியாகப் புதுப்பிப்பு வழங்கும் முறை விண்டோஸ் 98 காலத்தில் தொடங்கியது. அதை மக்கள் பொருட்படுத்தத் தொடங்கியது 2003ல்தான். அவ்வாண்டு ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கான பேட்ச் வெளியாயிற்று. ஒரு மாதம் கழிந்து, அதே ஓட்டை வழியாக பிளாஸ்டர் என்ற புழு நுழைந்து, கணினிகளைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டது. பேட்ச் வெளியானால் அதையே ஆராய்ந்து தாக்குதல் நிரல் எழுதிவிடுவார்கள் என்பது அப்போது வெளிப்படையானது. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை எல்லாப் பேட்ச்களையும் சேர்த்து வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. இந்திய நேரப்படி அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. ஒரகடத்தில் அது இரவு ஷிப்ட் நடக்கும் நேரம்.

நிறுவனங்கள் தம் கணினிகளை நேரடியாக மைக்ரோசாஃப்டிடம் விடாமல், இடையில் ஒரு சர்வரை வைத்து, எந்தப் பேட்ச் எப்போது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வசதியும் வந்தது. சில கணினிகளில் சோதித்துப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவது நடைமுறையாயிற்று. ஆனால் 2016 அக்டோபரில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை விண்டோஸ் 7 கணினிகளுக்கு வேண்டிய பேட்சை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடிந்தது. அதன் பிறகு ஒரு மாதத்துப் பேட்ச்கள் எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. ஒன்று ஒத்துவராவிட்டால் முழு மூட்டையையும் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. ஆலைப் பொறியாளர்களுக்கு இது ஒரு பின்னடைவு என்றே சொல்ல வேண்டும்.

59 நாட்கள்

2017 பிப்ரவரி மாதப் பேட்ச்களை மைக்ரோசாஃப்ட் வழக்கத்துக்கு மாறாக வெளியிடாமல் தள்ளிவைத்தது. அவையும் சேர்ந்து மார்ச் 14 அன்று வெளியாயின. அவற்றுள் ஒன்று எம்எஸ்17-010. கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர உதவும் எஸ்எம்பி என்னும் நெறிமுறையின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டையை அது அடைத்தது. சரியாக ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற மறைமுகக் கும்பல் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து திருடியதாகக் கூறப்படும் தாக்குதல் கருவிகளை இணையத்தில் கொட்டியது. இதே ஓட்டையைப் பயன்படுத்தும் ‘எடர்னல்புளூ’ அவற்றில் இருந்தது.

மே 12, வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி பிற்பகலில் வான்னாக்ரை பரவத் தொடங்கியது. யாரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் புகுந்தால் அதே வலையமைப்பில் உள்ள மற்றவற்றைத் தானே தேடிப்போகும். சிவப்புத் திரை தோன்றி 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கும். மூன்று நாளில் தொகை இரட்டிப்பாகும். ஏழு நாளில் கோப்புகள் அழியும் என்று மிரட்டும். 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக யூரோபோல் கூறியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இதன் பின்னால் வடகொரியா இருப்பதாக அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் குற்றம்சாட்டின.

ஒரகடத்தில்

ரெனோவின் ஐரோப்பிய ஆலைகள் முதலில் அடிபட்டன. பிரான்சின் சாண்டுவில், டுவே ஆலைகளும், ஸ்லோவேனியாவின் நோவோ மெஸ்டோ ஆலையும், ருமேனியாவில் உள்ள டாசியா ஆலையும், இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் உள்ள நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டன. ஒரே கூட்டணியின் ஆலைகள் நாடுகடந்த வலையமைப்பால் இணைந்தவை. வார இறுதிக்குள் ஒரகடம் ஆலையிலும் பாதிப்பு தெரிந்தது, உற்பத்தி தடைப்பட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலை நின்றது என்றால் எல்லாக் கணினியும் பூட்டப்பட்டுவிட்டன என்று பொருளல்ல. தொற்று மேலும் பரவாமல் தடுக்கச் சில இடங்களில் உற்பத்தியைத் தாங்களே நிறுத்தியதாக ரெனோ அறிவித்தது. வலையமைப்பைத் துண்டித்தால் வரிசைப்படுத்தும் கணினியிலிருந்து தகவல் வராது. அடுத்து வரும் கார் உடலுக்கு எந்த இருக்கை என்று தெரியாமல் தொடரை ஓட்ட முடியாது. நவீன கார் ஆலை உதிரிப்பாகங்களைக் குவித்து வைப்பதில்லை, தேவைக்கேற்ற நேரத்தில் அருகிலுள்ள ஆலைகளிலிருந்து லாரிகள் கொண்டுவந்து இறக்கும். ஆகவே ஒரு கார் தொடர் நிற்பது அந்த ஒரு வளாகத்தோடு முடிவதில்லை. இருக்கை, கண்ணாடி, கம்பித்தொகுதி, பம்பர் செய்து தரும் ஆலைகளும் அந்த மணி நேரங்களில் காத்திருக்க நேரும்.

வான்னாக்ரை ஒரு கணினியில் எஸ்எம்பி வழியாகத் தானாகப் புகுந்தது என்றால், அதில் மார்ச் மாதப் பேட்ச் இல்லை என்பதே பொருள். அதை வைத்து ஆலைக் கணினித் துறையினரை அசட்டை என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு.

ஏன் நிறுவவில்லை

தொழிற்சாலைக் கணினிக்குப் பேட்ச் போடுவதில் மூன்று இடர்கள் இருக்கின்றன. முதலாவது, மறுதொடக்கம். வீட்டுக் கணினியை அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் எரிச்சல், அவ்வளவுதான். ஓடும் தொடரில் உள்ள கணினியை ஷிப்டுக்கு நடுவே அணைக்க யாரும் அனுமதி தரமாட்டார்கள். இரண்டாவது, இயந்திரத்தை விற்றவரின் உத்தரவாதம். இந்த விண்டோஸ் பதிப்பு, இந்த சர்வீஸ் பேக், இந்த மென்பொருள் என்று சோதித்துச் சான்றளித்துத்தான் இயந்திரம் தரப்படுகிறது. அவர் ஒப்புதல் இல்லாமல் பேட்ச் போட்டு, இயந்திரம் நின்றால் பொறுப்பு ஆலையுடையது.

மூன்றாவதுதான் உண்மையான அச்சம்: பேட்சே கணினியைக் கெடுத்துவிடலாம். அதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் தினசரிப் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாகக் கருதி நீக்கியது. உலகெங்கும் கணினிகள் மறுதொடக்கச் சுழலில் சிக்கின. வான்னாக்ரைக்குப் பிறகும் இது தொடர்ந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைபாடுகளுக்காக மைக்ரோசாஃப்ட் அவசரப் பேட்ச் வெளியிட்டபோது, சில ஏஎம்டி கணினிகள் இயங்கவே மறுத்தன. ராக்வெல் ஆட்டோமேஷனின் ஆலைக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் கோளாறுகள் தோன்றுவதாக அந்நிறுவனமே அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10ன் பெரும் புதுப்பிப்பு, சிலரது ஆவணக் கோப்புகளை அழித்ததால் நான்கே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த வழித்தடத்தில் ‘ஓடுகிற வண்டியைத் தொடாதே’ என்ற மனநிலை வந்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம். அதைப் பழமைவாதம் என்று கேலிசெய்வது எளிது.

பரவலாகத் தவறாகச் சொல்லப்படும் ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். வான்னாக்ரை என்றாலே ‘பழைய எக்ஸ்பி கணினிகளால் வந்த வினை’ என்பார்கள். காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவற்றில் 98 விழுக்காட்டுக்கும் மேல் விண்டோஸ் 7 கணினிகள். அவை அப்போது பாதுகாப்புப் பேட்ச் ஆதரவில் இருந்தவை, பேட்ச் இலவசமாகக் கிடைத்தவை. எக்ஸ்பி கணினிகளில் இத்தீநிரல் பெரும்பாலும் ஒழுங்காக நிலைகொள்ளவில்லை, நீலத்திரை காட்டிக் கணினியை நிறுத்தியது. ஆலைக்கு அதுவும் நிறுத்தம்தான்.

தனித்திருத்தலின் சிக்கல்

ஆலைக் கணினிகளுக்கு இணைய இணைப்பு கொடுக்காமல் இருந்தால் போதும் என்பது நெடுங்கால நம்பிக்கை. வான்னாக்ரை அதை ஒரு விசித்திரமான வழியில் பொய்யாக்கியது. தீநிரல் இயங்கும் முன் ஒரு குறிப்பிட்ட நீண்ட இணைய முகவரியைத் தொட்டுப் பார்க்கும். பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் ஒதுங்கிவிடும். பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்க்கஸ் ஹட்சின்ஸ், பதிவுசெய்யப்படாமல் கிடந்த அந்த முகவரியை மே 12 அன்றே பதிவுசெய்தார். பரவல் பெருமளவு அடங்கியது.

ஆனால் இணையமே இல்லாத வலையமைப்பிலும், பிராக்ஸி சர்வர் வழியாக மட்டுமே வெளியே போக முடிகிற வலையமைப்பிலும் அந்த முகவரியைத் தொட முடியாது. எனவே அங்கே தீநிரல் தடையின்றி வேலை செய்யும். வெளியிலிருந்து வந்த ஒரு மடிக்கணினியோ பென் டிரைவோ அதைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். பேட்ச் இல்லாமல் வெறும் தனிமையை மட்டும் நம்பிய ஆலைக்கு இரு பக்கமும் இழப்பு.

இந்தச் சிக்கல் மே மாதத்தோடு ஓயவில்லை. ஜூன் 19 அன்று ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை வான்னாக்ரையால் ஒருநாள் நின்றது. 2018 ஆகஸ்டில், உலகின் முன்னணிச் சிப் தயாரிப்பு நிறுவனமான தைவானின் டிஎஸ்எம்சியில் புதிதாக நிறுவிய ஓர் இயந்திரத்தின் வழியே அதே தீநிரலின் ஒரு வடிவம் பரவியது. அந்தக் காலாண்டு வருவாயில் சுமார் மூன்று விழுக்காடு பாதிப்பு இருக்கும் என்று நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. பேட்ச் வெளியாகிப் பதினேழு மாதங்கள் கடந்திருந்தன.

இந்தியாவில் எதிரொலி

ஆந்திரக் காவல் துறையின் கணினிகள், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்கள், தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகம், மேற்கு வங்க மின்பகிர்மான அலுவலகங்கள் ஆகியவையும் பாதிக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட், ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் விதிவிலக்காகப் பேட்ச் வெளியிட்டது. வங்கிகளின் ஏடிஎம்கள் பல இன்னும் எக்ஸ்பியிலேயே ஓடுவது அப்போது பேசுபொருளாயிற்று. ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 சுற்றறிக்கையில், 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றக் கெடு விதித்தது. தமிழக அரசு 2020ல் இணையப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகள் சில ஒரு பணயத் தீநிரலால் பூட்டப்பட்டன. நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, தனியார் ஆலைகள் உட்பட எந்த நிறுவனமும் இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுக்குறிப்புகளை 180 நாட்கள் காக்க வேண்டும்.

புதுப்பிப்பே வாயிலானபோது

வான்னாக்ரை சொன்ன பாடம் ‘உடனே புதுப்பி’ என்பதாகத்தான் எல்லோருக்கும் பட்டது. ஆறு வாரங்களில் அதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா, உக்ரைனில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யப் பயன்படும் எம்.ஈ.டாக் மென்பொருளின் அதிகாரபூர்வப் புதுப்பிப்பின் வழியாகவே உள்ளே வந்தது. ஒழுங்காகப் புதுப்பித்தவர்களே முதலில் மாட்டினர். பிறகு எடர்னல்புளூவோடு, கணினியில் கிடைத்த கடவுச்சொற்களையும் பயன்படுத்திப் பரவியதால், மார்ச் பேட்ச் போட்ட கணினிகளும் தப்பவில்லை. டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனம் நடத்திய சரக்குப் பெட்டக முனையமும் முடங்கியது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இதில் தாக்குதலே இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39க்கு அனுப்பிய ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பில் இருந்த பிழை, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடங்களில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்த கணினிகளை ஒவ்வொன்றாக நேரில் சென்று, பாதுகாப்பு நிலையில் தொடங்கி, கோப்பை நீக்கித்தான் எழுப்ப முடிந்தது. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் மாதாந்தரப் பேட்ச்களைச் சோதித்து அனுப்பும் நிறுவனங்களும் இதில் மாட்டின. காரணம், இவ்வகைப் பாதுகாப்புக் கோப்புகள் அந்தச் சோதனை வரிசையில் நிற்காமல் நேராக எல்லாக் கணினிக்கும் போய்ச் சேர்பவை.

நடைமுறையில் வந்த மாற்றங்கள்

2017க்குப் பிறகு தொழிற்சாலை உலகில் புதுப்பிப்பு பற்றிய பேச்சு மாறியது. ‘போடுவதா, வேண்டாமா’ என்பது போய், எந்தக் கணினிக்கு, எந்த வரிசையில், எந்த நாளில் என்பதாயிற்று. அலுவலகக் கணினிகளில் சிலவற்றில் முதலில் போட்டு ஒரு வாரம் பார்க்கிறார்கள். தொடரில் உள்ளவற்றுக்கு ஞாயிறு, பண்டிகை விடுமுறை, ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தம் ஆகியவை ஒதுக்கப்படுகின்றன. ஆயுத பூஜைக்கு இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இடும்போது கட்டுப்பாட்டுக் கணினித் திரைக்கும் ஒரு பொட்டு கிடைப்பதுண்டு. ஆண்டில் அந்தக் கணினி நிம்மதியாக அணைந்திருக்கும் சில நாட்களில் அதுவும் ஒன்று.

பேட்ச் போடுமுன் வன்தட்டின் முழுப்படியை எடுத்துவைப்பது இன்றியமையாதது. பேட்ச் கெடுத்தால் அரைமணியில் பழைய நிலைக்குத் திரும்பலாம், பணயத் தீநிரல் பூட்டினாலும் அதே படிதான் காப்பாற்றும். அந்தப் படி அதே வலையமைப்பில் திறந்து கிடந்தால் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பது மட்டும் பல இடங்களில் தாமதமாகவே உறைத்தது. பேட்ச் போடவே முடியாத பழைய கணினிகளைத் தனி வலையமைப்புப் பகுதியில் ஒதுக்குவது, அனுமதித்த நிரல்கள் மட்டுமே ஓடும்படி பூட்டுவது, யுஎஸ்பி வாயில்களை அடைப்பது ஆகியவை மாற்று வழிகள். ஐஇசி 62443 என்னும் பன்னாட்டுத் தரத்தொகுதி இவற்றை முறைப்படுத்துகிறது. எஸ்எம்பி முதல் பதிப்பையே அணைத்துவிடுவது எளிய தீர்வாகத் தோன்றும். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டும் புதிய நிறுவல்களில் அதைச் சேர்க்காமல் விட்டது. ஆனால் ஆலையின் ஏதோ ஒரு மூலையில் உள்ள பழைய ஸ்கேனரோ அச்சுப்பொறியோ அதைத்தான் பேசும். அணைத்த மறுநாள்தான் அது யாருக்கும் நினைவுக்கு வரும்.

விண்டோஸ் 10க்குப் பிறகு

ஒரகடம் ஆலையில் நிசான் வைத்திருந்த பங்குகளை ரெனோ 2025ல் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய செயலியும் இல்லாத கணினிகளைப் புதுப்பிக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். இயந்திரத்தோடு வந்த கணினிக்கு இது பொருந்தாது என்பதால், நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ்சி பதிப்புகளை மைக்ரோசாஃப்ட் தனியே வழங்குகிறது. அவற்றுக்குப் புதிய வசதிகள் வராது, பாதுகாப்புப் பேட்ச்கள் மட்டும் வரும். 2016 பதிப்புக்கு 2026 அக்டோபர் வரையும், 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி வரையும், கருவிகளுக்கான 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரையும் ஆதரவு உண்டு. 2021 பதிப்போடு இன்று நிறுவப்படும் ஒரு பெயின்ட் ஷாப் ரோபோ, பதினைந்து ஆண்டு உழைத்தால் அந்தக் கெடுவையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.